பின்பலகை சுமக்கும் பாரம்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில், கோடைகாலத்து வாரக் கடைசியில் ஏரிகளை நாடிப் புறப்படும் மோட்டார் கார்களின் பின்னே, ட்ரெய்லர்களில் ஏறிய படகுகளும் சாலைப் பிரயாணம் செய்வது சாதாரணக் காட்சி. நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் 1909-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் ஒன்றரைக் குதிரைச் சக்தியே உடையது; சுமார் 28 கிலோ எடையுள்ள அதைப் படகிலிருந்து கழற்றி வண்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். இன்றைய 150 குதிரைச் சக்தி யந்திரமோ 200 கிலோவைத் தாண்டுகிறது. ஆகவே அது படகிலேயே போல்ட்டுகளால் நிரந்தரமாக இறுக்கப்பட்டு, சாலையிலும் கூடவே வருகிறது.

அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது படகின் பின்பலகை. மோட்டாரின் அடிப்பாகம் தரையில் உரசாதிருக்க அதைத் தூக்கிச் சாய்க்கும்போது எடை பின்னோக்கி விலகுகிறது. குடத்தை இடுப்பில் சுமப்பதற்கும் நீட்டிய கையில் ஏந்துவதற்கும் உள்ள வித்தியாசந்தான் இது. ஒவ்வொரு பள்ளத்திலும் பலகை நெளிய, போல்ட் துவாரங்கள் தளர, நீர் கசிந்து இறங்க, ஃபைபர் உறைக்குள் பிளைவுட் வைத்த படகானால் அது வெளிக்குத் தெரியாமலே உளுத்துப்போகிறது. தூக்கிய மோட்டாரை நிறுத்த அதிலேயே ஒரு சிறு தாங்கி உண்டு என்றாலும், அது படகு நிற்கும் வேளைக்கு ஏற்பட்டது; சாலையில் அதை நம்பலாகாது என்று யந்திரத்தின் கையேடுகளே எச்சரிக்கின்றன.

இதற்கென ஏற்பட்ட சாதனம் ஓர் உலோகத் தண்டு. அதன் ஒரு முனையை ட்ரெய்லரின் பின்சட்டத்தில் பொருத்தி, ரப்பர் பதித்த கவை போன்ற மறுமுனையை மோட்டாரின் கீழ்ப்பாகத்துக்கு அண்டைகொடுத்து, ரப்பர் வாரால் கட்டியபின், பொத்தானை அழுத்தி மோட்டாரைச் சற்றே தாழ்த்தினால், பாரம் கவையில் அமர்ந்து தண்டு அசையாமல் இறுகும். ஆனால் படகின் பின்பக்கத்தை இரு வார்ப்பட்டைகளால் ட்ரெய்லரோடு இறுகப் பிணைக்காதவருக்கு இத்தண்டு உபகாரத்தைவிட அபகாரமே செய்யும் என்பது என் அபிப்பிராயம். படகு ஒரு பக்கமும் ட்ரெய்லர் ஒரு பக்கமும் குதித்தால், சட்டத்தின் அதிர்ச்சியெல்லாம் தண்டின் வழியே மோட்டாரையும் பின்பலகையையும் போய்த் தாக்கும். ட்ரெய்லரைத் தொடாமல், மோட்டாரைத் தூக்கும் ஹைட்ராலிக் தண்டில் ஆப்புப்போல் மாட்டும் கருவியும் உண்டு. அது மோட்டார் ஆடுவதைத் தடுக்குமே தவிர, பலகையின் பாரத்தைக் குறைக்காது. தரைக்கும் மோட்டாருக்கும் போதிய இடைவெளி இருந்தால், எதையும் மாட்டாமல் அதை நேராகத் தொங்கவிட்டுச் செல்வதே உத்தமம்.

கரையேறியதும் மோட்டாரை முழுவதும் இறக்கி நீரை வடித்த பின்பே தண்டை மாட்ட வேண்டும். படகின் வடிகால் அடைப்பான்களையும் திறந்துவைத்தே சாலையில் செல்ல வேண்டும் என்பது மின்னசோட்டாவில் சட்டம். அடுத்த ஏரியில் இறங்குமுன் அடைப்பான்களைத் திரும்பப் பூட்டி, தண்டையும் வார்களையும் கழற்றிவிடுவது அவசியம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அதை ஞாபகப்படுத்துவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.