அணை நீரும் மனிதரும் – 9: ஏடர் ஏரியின் குறுங்கோடை

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் 1908-இல் தொடங்கி 1914-இல் முடிக்கப்பட்ட ஏடர் அணையின் கட்டுமானமும், 1943 மே 17 அன்று பிரிட்டிஷ் விமானப்படை குண்டு வீசி அதை உடைத்ததும் சென்ற இதழில் விவரிக்கப்பட்டன. அந்த அணை தேக்கி வைக்கும் நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் எவ்வாறு மாறுகிறது, கோடையில் அங்கே நீந்த வருவோருக்கு அம்மாற்றம் எத்தகைய நிலையை உருவாக்குகிறது என்பதே இந்த இதழின் பொருள். ஏறத்தாழ 20 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 7 டி.எம்.சி. கொள்ளளவுள்ள இந்த ஏரி, 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மேட்டூர் நீர் வயலுக்குப் போகிறது என்றால், ஏடர் நீரின் முதன்மையான வேலை, கீழே வேசர் ஆற்றில் கோடைக்காலத்திலும் கப்பல் ஓடுமளவுக்கு ஆழம் இருக்கச் செய்வது. வெள்ளத் தடுப்பு, மின் உற்பத்தி ஆகியவற்றுக்குப் பின்னரே நீச்சலும் படகு விளையாட்டும் இடம் பெறுகின்றன. நீந்துவோரின் பருவம் குறுகியதாக இருப்பதற்கு வடக்கின் வெயில் ஒரு காரணமென்றால், இந்த முன்னுரிமை வரிசை மற்றொரு காரணம்.

வெயிலின் பங்கைப் புரிந்துகொள்ள, நீரின் ஒரு தனி இயல்பை முதலில் அறிய வேண்டும். நீர் ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தியோடு இருக்கிறது. அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் அடர்த்தி குறைந்து மேலே மிதக்கிறது. ஆகவே குளிர்காலத்தில் பனிக்கட்டி மேற்பரப்பில் படிய, அடியில் 4 பாகை நீர் தங்குகிறது. வசந்தத்தில் மேல்நீரும் அந்த வெப்பநிலையை எட்டும்போது காற்று முழு ஏரியையும் அடிவரை கலக்கிவிடுகிறது. இதை நீர்நிலை அறிவியலார் வசந்தகாலப் புரட்டல் என்பர். அதன்பின் வெயில் மேற்பகுதியை மட்டும் சூடாக்க, ஏரி மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது: சில மீட்டர் தடிமனுள்ள வெதுவெதுப்பான மேலடுக்கு, ஒவ்வொரு மீட்டருக்கும் வெப்பநிலை விரைந்து சரியும் இடையடுக்கு, கோடை முழுவதும் குளிர்ந்தே கிடக்கும் அடியடுக்கு. இந்நிலைக்கு வெப்ப அடுக்கமைவு என்று பெயர். ஆகஸ்டில் 22 பாகை நீரில் நீந்துபவர் நிமிர்ந்து நின்று கால்களைக் கீழே தொங்கவிட்டால் பாதம் இன்னும் இதமான நீரிலேயே இருக்கும். அவரே சில மீட்டர் முக்குளித்தால், கையை நீட்டியவுடன் விரல் நுனிகள் வேறொரு நீரைத் தொட்டதுபோல் குளிர் தாக்கும்.

நடு ஜெர்மனியின் தாழ்மலைத் தேக்கங்களில் மேற்பரப்பு நீர் பிப்ரவரியில் 2 முதல் 4 பாகை, ஏப்ரலில் 7 முதல் 10 பாகை, மே மாதத்தில் 12 முதல் 16 பாகை என்ற அளவில் மெல்ல ஏறி, ஜூன் இறுதியில் 20-ஐ நெருங்கி, ஜூலை, ஆகஸ்டில் 20 முதல் 24 பாகைக்குள் நின்று, அக்டோபரில் மீண்டும் 12, 13-க்கு இறங்குவது வழக்கம். நீர் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாகவே விடுவதால், காற்றின் வெப்பம் ஏறிப் பல வாரங்கள் கழித்தே ஏரியும் சூடாகிறது. நீச்சலுக்கு மிகவும் ஆபத்தான நாள் குளிர்நாள் அல்ல, காற்று 27 பாகையிலும் நீர் 13 பாகையிலும் இருக்கும் மே மாதத்து வெயில்நாளே. அத்தகைய நீரில் திடீரெனக் குதிப்பவருக்குத் தன்னையறியாமல் ஓர் ஆழ்ந்த மூச்சு இழுபடுகிறது. அக்கணத்தில் வாய் நீருக்குள் இருந்தால் நீரே நுரையீரலுக்குள் போகிறது. மூச்சு வேகமெடுக்கிறது, தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இதயத்தின் சுமை கூடுகிறது. குளிர் அதிர்ச்சி எனப்படும் இந்நிலை முதல் இரண்டு, மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும் என்றாலும், நன்கு நீந்தத் தெரிந்தவரும் அந்த நிமிடங்களைத் தாண்டாமல் போவதுண்டு. உடலைச் சிறிது சிறிதாக நனைத்துப் பழக்கிய பின்னரே இறங்க வேண்டும் என்பதை, 1913-இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் உயிர்காப்புச் சங்கம் தன் குளியல் விதிகளில் வைத்திருப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் மதகு. குளிர்கால மழையாலும் பனி உருகலாலும் நிரம்பும் ஏடர் ஏரி வசந்தத்தின் இறுதியில் உச்ச மட்டத்தை எட்டுகிறது. அதன்பின், நீர் மிகச் சூடாகும் அதே வாரங்களில், வேசருக்காக ஆழத்திலிருந்து நீர் திறக்கப்படுகிறது. வெளியேறுவது அடியடுக்கின் குளிர்நீர் ஆதலால் மேற்பரப்பின் வெப்பநிலை குறைவதில்லை. மாறாக, குளிர்நீரின் இருப்பு கரையக் கரைய வெதுவெதுப்பான அடுக்கு கீழ்நோக்கி இறங்குகிறது, இலையுதிர்காலப் புரட்டலும் முன்கூட்டியே வருகிறது. ஆனால் கரை விலகிப் போகிறது. புல்தரை முடியும் இடத்தில் இருந்த நீர், ஆகஸ்டில் சேறும் கல்லும் நிறைந்த சரிவுக்கு அப்பால் போய்விட, இறங்குமிடம் வாரந்தோறும் மாறி, ஒரு வாரம் ஆழமாக இருந்த இடத்தில் அடுத்த வாரம் பாறை தலைகாட்டும். மேல்முனையில் உள்ள ஹெர்ட்ஸ்ஹவுசன் பகுதி ஆழமின்மையால் முதலில் சூடாகிறது, அதே காரணத்தால் முதலில் வறண்டும் போகிறது. 2018, 2022 போன்ற வறட்சி ஆண்டுகளில் ஏரி பெருமளவு வற்றியபோது, அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட பெரிஷ் முதலிய ஊர்களின் அடித்தளங்களும் ஆஸல் கற்பாலமும் வெளிப்பட்டு, நீந்த வந்த இடத்தில் மக்கள் நடந்து போயினர்.

இவற்றோடு நீலப்பச்சைப் பாசியும் சேர்கிறது. சூடான, அசைவற்ற, பாஸ்பரஸ் மிகுந்த நீரில் பெருகும் இந்நுண்ணுயிர்களுள் சில வகைகள், தோலையும் குடலையும் கல்லீரலையும் பாதிக்கும் நச்சை உண்டாக்குகின்றன. முழங்காலளவு நீரில் நின்று பார்க்கும்போது பாதம் தெரியவில்லையென்றால் இறங்கக் கூடாது என்பது ஜெர்மனியில் பரவலாகச் சொல்லப்படும் எளிய சோதனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டுக் குளியல்நீர் நெறிமுறை, மலக்கலப்பைக் காட்டும் இரு பாக்டீரியா வகைகளை அளந்தே ஒரு கரையை ‘மிகச் சிறந்தது’ முதல் ‘மோசமானது’ வரை நான்கு தரங்களில் வகைப்படுத்துகிறது. அத்தரம் கரையின் தூய்மைக்குச் சான்று கூறுமேயன்றி, அன்றைய நீரின் குளிருக்கோ நீர்மட்டத்துக்கோ பொறுப்பேற்பதில்லை. பல மாநிலங்களில் குளியல் பருவம் மே 15 முதல் செப்டம்பர் 15 வரை என்று குறிக்கப்பட்டாலும், நீர் போதிய அளவு சூடாகவும், கரை இன்னும் விலகாமலும், பாசி இன்னும் படராமலும் ஒருசேர அமைவது, பல ஆண்டுகளில் ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்டு முற்பகுதி வரையிலான ஆறேழு வாரங்களே.

வெப்பமாகும் காலநிலை இப்பருவத்தை நீட்டிக்கும் என்று எண்ணத் தோன்றலாம். நீர் முன்னதாகச் சூடாவது உண்மைதான். ஆனால் அதே வெப்பம் ஆறுகளை வற்றச்செய்து மதகை அதிகம் திறக்கவைக்கும், பாசிக்கும் வசதி செய்யும். ஆகவே ஏடரில் நீந்துவோர் வெப்பமானியை மட்டும் பாராமல், அணை நிர்வாகம் வெளியிடும் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதே பயன்தரும். நீந்தவே அனுமதிக்காத தேக்கமொன்றில் இதே வெப்ப அடுக்குகள் குடிநீரின் தரத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை, ஹார்ட்ஸ் மலையில் 106 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ராப்போடே அணையைக் கொண்டு அடுத்த இதழ் ஆராயும்.

(தொடரும்)