புருவத்தில் நிற்கும் மை

கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த கொச்சங்காடி, 1344-இல் எழுப்பப்பட்ட யூத ஜெபக்கூடத்துக்கும், செம்பிட்டபள்ளி என்னும் பழைய பள்ளிவாசலுக்கும் பெயர்பெற்ற பகுதி. ஜெபக்கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் அருகிலுள்ள பரதேசி ஜெபக்கூடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. உடலில் அழியாக் குறியிடுவதை யூத மரபும் இஸ்லாமிய மரபும் பொதுவாக விலக்கியே வந்துள்ளன. ஆனால் கல்யாண வீட்டு மைலாஞ்சிக்கு, அதாவது மருதாணிக்கு, அங்கே எக்காலத்திலும் இடம் உண்டு. தமிழகத்திலோ குறத்தியர் ஊர் ஊராகச் சென்று கைகளில் பச்சை குத்திய காலம் அண்மைக்காலம் வரை நீடித்தது. மருதாணிக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைத் தோலின் அமைப்பே விளக்கிவிடுகிறது.

மருதாணிச் சாயம் தோலின் மேற்புறத்தில் உதிரக் காத்திருக்கும் செல்களை மட்டுமே பற்றுவதால், அவை உதிர உதிர இரண்டு மூன்று வாரங்களில் நிறமும் போய்விடுகிறது. பச்சையின் மையோ மேல்தோலைக் கடந்து, நரம்பும் குருதிநாளமும் ஓடும் உட்தோலில் இறங்குகிறது. அங்கே கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள் மைத்துகளையும் விழுங்கி வைத்துக்கொள்கின்றன; ஒரு செல் இறந்து மையைக் கைவிட்டால் அடுத்த செல் அதை எடுத்துக்கொள்கிறது என்பதை, பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளின் தோலில் காட்டினர். அழியாமை என்பது, ஆக, முடிவில்லாத ஒரு கைமாற்றம்.

பியூட்டி பார்லர்களில் ‘பெர்மனன்ட் மேக்கப்’ என்றும், புருவத்துக்குச் செய்யும்போது ‘மைக்ரோபிளேடிங்’ என்றும் வழங்கும் ஒப்பனை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வரிசையாக நுண்ணூசிகள் பதித்த கைக்கருவியால் முடியிழை போன்ற கீறல்களை இட்டு, அவற்றில் நிறத்தை ஏற்றுவதே இதன் முறை. கீறலின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் வெற்றியும் தோல்வியும் அந்த அளவுக்குள்தான் இருக்கின்றன. ஆழம் போதாவிட்டால் நிறம் பொருக்கோடு உதிர்ந்துவிடும். மிகுந்துவிட்டால் கோடுகள் கலங்கிச் சாம்பல்நீலமாகத் தெரிவதோடு தழும்பும் விழலாம். சரியாக அமைந்த புருவ நிறம் பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நிற்கிறது. இதை மேக்கப் என்று அழைப்பதே முதல் பிழை. இது ஒரு புண்; அழகுக்காக, சம்மதத்தோடு உண்டாக்கப்படும் புண்; ஆகவே புண்ணுக்குரிய ஒழுங்குமுறைகளைக் கொண்டே இதை மதிப்பிட வேண்டும்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கக்கூடும் என்பதால், ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியை அடுத்தவருக்குப் பயன்படுத்துவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. ஊசியும் கையுறையும் ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே. ஊசியின் உறை வாடிக்கையாளர் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். மீண்டும் பயன்படும் உலோகக் கருவிகளை, அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது வைத்தெடுக்க வேண்டும். வெறும் கொதிநீர் கிருமிகளின் வித்துகளைக் கொல்லாது.

ஊசி தூய்மையாக இருந்தாலும் மை தூய்மையாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2011–12-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குக் காசநோய்க் கிருமியின் உறவுக்கிருமி ஒன்றால் தோல்தொற்று ஏற்பட்டது. அதன் மூலம் ஒரே வகைச் சாம்பல்நிற மையில் இருந்தது கண்டறியப்பட்டது. மைக்குள் இருக்கும் வேதிப்பொருள் வேறொரு கவலை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் சுமார் 4,000 வேதிப்பொருள்களுக்குத் தடையோ அளவுக் கட்டுப்பாடோ விதித்துள்ளது. இந்தியாவில், 2025-இல் கர்நாடக அரசு மை மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 22 உலோகங்கள் இருந்ததாக அறிவித்து, மத்திய அரசு தரக்கட்டுப்பாடு வகுக்க வேண்டும் என்று கோரியது. இந்நிலையில் மைக்குப்பியின் பெயரையும் தொகுதி எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் கையிலேயே இருக்கும் எளிய பாதுகாப்பாகும்.

கேரளத்தில் தொழில் நடத்த உள்ளாட்சி உரிமம் வேண்டும். எனினும் அந்த உரிமம் கடைக்கு உரியதே தவிர, கைத்திறனுக்குச் சான்றாகாது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பது போன்ற சட்டப் பதிவுமுறை இக்கலைஞர்களுக்கு இந்தியாவில் இல்லாததால், சுவரில் தொங்கும் சான்றிதழைக் காட்டிலும் அவர்கள் கேட்கும் கேள்விகளே நம்பகமான அளவுகோல். தழும்பு தடித்து வளரும் இயல்பு, சர்க்கரை நோய், கர்ப்பம், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து, பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, உதட்டில் அடிக்கடி வரும் கொப்புளம் ஆகியவற்றை விசாரிக்காமல் ஊசியை எடுப்பவரிடம் முகத்தைக் கொடுக்கக் கூடாது. வெண்புள்ளியும் சொரியாசிஸும் உள்ளவர்களுக்குக் கீறிய இடத்திலேயே புதிதாக நோய் தோன்றலாம். ஆனால், பரவாமல் நிலைத்துவிட்ட உதட்டு வெண்புள்ளியை மறைக்கத் தோல் மருத்துவர்கள் கையாளும் முறைகளில் நிறமேற்றலும் ஒன்று. மருத்துவத்துக்கும் ஒப்பனைக்கும் நடுவே இக்கலை நிற்பது இவ்வாறுதான்.

பின்பராமரிப்பில் கொச்சியின் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதல் வாரம் பத்து நாட்களுக்குப் புருவம் நனையாமலும் வியர்வையில் ஊறாமலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஈரப்பதம் மிகுந்த அந்தக் கடலோரத்தில், நாளுக்கு ஐந்து வேளை தொழுகைக்காக முகம் கழுவும் ஒருவருக்கு இதைக் கடைப்பிடிப்பது எளிதன்று. கீறிய பிறகு அல்ல, நாள் குறிக்கும்போதே இதைப் பேசித் தீர்ப்பது கலைஞரின் கடமை. முதல் நாட்களில் நிறம் அளவுக்கு மீறி அடர்ந்து தெரிவதும், பின்னர் பொருக்கு கட்டி உதிர்வதும் இயல்பு. பொருக்கை நகத்தால் பெயர்த்தால் நிறமும் சேர்ந்து பெயரும். தேங்காய் எண்ணெய், மஞ்சள் பற்று முதலிய வீட்டு வைத்தியங்கள் ஆறாத கீறலில் வேண்டா; கலைஞர் குறித்துக் கொடுத்த களிம்பு போதும். சிவப்பும் வீக்கமும் இரண்டு மூன்று நாட்களில் தணியாமல் வலி கூடினாலோ, சீழோ காய்ச்சலோ தோன்றினாலோ, செல்ல வேண்டிய இடம் பார்லர் அன்று, மருத்துவமனை.

பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துவிடலாம் என்ற விளம்பர உறுதியை முழுமையாக நம்புவதற்கில்லை. இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் கலந்த தோல்நிற, பழுப்பு, வெண் மைகள் லேசர் பட்டதும் கறுத்துவிடக்கூடும். இரும்பு கலந்த மை ஏற்றியவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அவ்விடத்தில் அரிதாக எரிச்சலை உணரலாம் என்பதால், பரிசோதனைக்கு முன்பே அதைத் தெரிவித்துவிட வேண்டும். இரத்ததான முகாமுக்குச் செல்பவர்களும் புருவத்தில் மை ஏற்றியதை மறைக்கலாகாது. இந்திய விதிமுறைப்படி பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டு கழித்தே இரத்தம் கொடுக்கலாம், மைக்ரோபிளேடிங்கும் அந்தக் கணக்கில்தான் சேரும்.