அறிபுனைத் தொலைக்காட்சித் தொடர்களில் குறுகிய பருவங்கள்

குறுகிய பருவம் என்பது, ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 6 முதல் 13 அத்தியாயங்கள் மட்டுமே இடம்பெறும் அமைப்பைக் குறிக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலமாக ஒரு பருவத்துக்கு 22 முதல் 26 அத்தியாயங்கள் இருப்பதே வழக்கமாக இருந்தது. ஓடிடி தளங்கள் பரவிய பிறகு இந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்துள்ளது. இம்மாற்றம் கதை சொல்லும் முறையை எவ்வாறு பாதித்தது என்பதை அறிய ஸ்டார் ட்ரெக் ஏற்ற எடுத்துக்காட்டாகும். ஒரே கற்பனை உலகத்தில் நிகழும் கதைகள் பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் எடுக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

பின்னணி

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் செப்டம்பர் முதல் மே வரை வாரந்தோறும் தொடர்களை ஒளிபரப்பின. அந்த வாரங்களை நிரப்ப நிறைய அத்தியாயங்கள் தேவைப்பட்டன. மேலும், ஒரு தொடர் 100 அத்தியாயங்களை நெருங்கினால் அதன் மறுஒளிபரப்பு உரிமையை உள்ளூர் நிலையங்களுக்கு விற்பது எளிதாக இருந்தது. ஆகவே நீண்ட பருவம் என்பது கலை நோக்கில் எடுக்கப்பட்ட முடிவு அன்று. வணிகத் தேவையால் உருவான பழக்கமே.

குறுகிய பருவமும் முற்றிலும் புதியதன்று. பிரித்தானியாவின் பிளேக்ஸ் செவன் (1978–1981) பருவத்துக்கு 13 அத்தியாயங்களுடன் வெளிவந்தது. 2005-ல் மீண்டும் தொடங்கிய டாக்டர் ஹூவும் 13 அத்தியாயங்கள் கொண்ட பருவங்களுடனேயே வந்தது.

எண்ணிக்கையில் மாற்றம்

• ஸ்டார் ட்ரெக், முதல் தொடர் (1966–1969): 3 பருவங்கள், 79 அத்தியாயங்கள்
• தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் (1987–1994): 7 பருவங்கள், 178 அத்தியாயங்கள்
• டிஸ்கவரி (2017–2024): 5 பருவங்கள், 65 அத்தியாயங்கள்
• பிகார்ட் (2020–2023): 3 பருவங்கள், 30 அத்தியாயங்கள்

சராசரியாகப் பார்த்தால் ஒரு பருவத்துக்கு 26 அல்லது 25 என இருந்தது முதலில் 13 ஆகவும், பின்னர் 10 ஆகவும் குறைந்தது.

இருவகைக் கதையமைப்பு

தொலைக்காட்சிக் கதைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, தொடங்கிய அத்தியாயத்திலேயே முடியும் தனிக்கதை. மற்றொன்று, பருவம் முழுவதும் நீளும் தொடர்கதை. வார இதழில் வரும் சிறுகதைக்கும் தொடர்கதைக்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. நீண்ட பருவங்களில் தனிக்கதைகளே மிகுதி. குறுகிய பருவங்களிலோ தொடர்கதையே பெரும்பாலும் முதலிடம் பெறுகிறது.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. பாபிலோன் 5, பருவத்துக்கு 22 வீதம் ஐந்து பருவங்களில் ஒரே பெருங்கதையைச் சொன்னது. எனவே எண்ணிக்கை மட்டுமே கதையமைப்பைத் தீர்மானிப்பதில்லை.

குறுகிய பருவத்தின் நன்மைகள்

நீண்ட பருவத்தில் எல்லா அத்தியாயங்களும் ஒரே தரத்தில் அமைவதில்லை. தி நெக்ஸ்ட் ஜெனரேஷனின் இரண்டாம் பருவம் இதற்குச் சான்று. அதன் இறுதி அத்தியாயமான ஷேட்ஸ் ஆஃப் கிரே (1989), செலவைக் குறைப்பதற்காகப் பழைய அத்தியாயங்களின் காட்சிகளைத் தொகுத்து உருவாக்கப்பட்டது. பத்து அத்தியாயங்களே கொண்ட பருவத்தில் இத்தகைய நிரப்பல்களுக்கு இடம் குறைவு.

அறிபுனைத் தொடர்களுக்கு அரங்கம், ஒப்பனை, கணினி வரைகலை ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவாகும். அத்தியாயங்கள் குறையும்போது ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பணமும் நாட்களும் கிடைக்கின்றன. முடிவை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதவும் முடிகிறது. எடுத்துக்காட்டாக, ஆண்டோர் தொடரின் இரண்டாம் பருவம் (2025) 12 அத்தியாயங்களை மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஓர் ஆண்டு நிகழ்வுகளைக் கூறுகிறது.

இழப்பு: துணைப் பாத்திரங்கள்

குறுகிய பருவத்தில் பெரிதும் பாதிக்கப்படுவது துணைப் பாத்திரங்களின் வளர்ச்சியாகும். இரு பாத்திரங்களை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

தி நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதல் அத்தியாயத்தில் (1987) பெயர்கூட இல்லாத அதிகாரியாக ஒருவர் தோன்றினார். பின்னர் அவருக்கு ஓ'பிரையன் என்ற பெயரும், கப்பலில் ஒரு பணியும் கிடைத்தன. நான்காம் பருவத்தில் வந்த டேட்டாஸ் டே என்ற அத்தியாயத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. அந்த அத்தியாயம் கப்பலின் ஒரு நாள் வாழ்க்கையை டேட்டா என்ற இயந்திர மனிதனின் பார்வையில் காட்டுவது. 1993-ல் தொடங்கிய டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் ஓ'பிரையன் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவரானார். இந்த வளர்ச்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

டிஸ்கவரி தொடரில் ஏரியம் என்ற அதிகாரி முதல் பருவத்திலிருந்தே கப்பலில் இருக்கிறார். ஆனால் அவர் யார், எவ்வாறு உடலின் பெரும்பகுதி இயந்திரமாயிற்று, யாரை இழந்தார் என்பவை இரண்டாம் பருவத்தின் பிராஜெக்ட் டீடலஸ் (2019) என்ற அத்தியாயத்தில்தான் விரிவாகச் சொல்லப்படுகின்றன. அதே அத்தியாயத்தில் அவர் இறந்தும் விடுகிறார். உடன் பணியாற்றியவர்கள் கண்ணீர் விடுகின்றனர். பார்வையாளருக்கோ அவர் அப்போதுதான் அறிமுகமாகியிருக்கிறார்.

நடிப்போ எழுத்தோ இங்குக் குறையன்று. ஒருவரோடு பழக வேண்டிய காலம் கதைக்குள் கிடைக்கவில்லை என்பதே குறை. நிரப்பல் என்று நீக்கப்படுபவற்றுள் இத்தகைய பழக்கத்தை உண்டாக்கும் அத்தியாயங்களும் சேர்ந்து போய்விடுகின்றன.

சோதனை முயற்சிகள்

தி மெஷர் ஆஃப் எ மேன் (1989) என்ற அத்தியாயத்தில் விண்வெளிச் சண்டை எதுவும் இல்லை. டேட்டா ஓர் உடைமையா, உரிமையுள்ள ஓர் உயிரா என்ற வழக்கு விசாரணையே கதை. ஷேட்ஸ் ஆஃப் கிரே வந்த அதே இரண்டாம் பருவத்தில்தான் இதுவும் வந்தது. ஒன்று தவறினாலும் மற்றொன்றில் ஈடுசெய்ய நீண்ட பருவம் வாய்ப்பளித்தது.

ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் (2022 முதல்) பத்து அத்தியாயப் பருவங்களிலேயே தனிக்கதை முறையை மீட்டெடுத்தது. அதன் இரண்டாம் பருவத்தில் பாத்திரங்கள் பாடி ஆடும் ஓர் அத்தியாயமும், லோயர் டெக்ஸ் என்ற அசைவூட்டத் தொடரின் பாத்திரங்கள் வரும் ஓர் அத்தியாயமும் உண்டு. 26-ல் இரண்டு என்றால் அது 13-ல் ஒரு பங்கு. பத்தில் இரண்டு என்றால் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே குறுகிய பருவத்தில் ஒவ்வொரு சோதனையும் கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

எழுத்தாளர்களும் இடைவெளியும்

நீண்ட பருவங்கள் புதிய எழுத்தாளர்களுக்குப் பயிற்சிக் களமாகவும் இருந்தன. ரொனால்ட் டி. மூர், வெளியிலிருந்து தாமாக எழுதி அளித்த கதையின் மூலம் தி நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்குள் நுழைந்தார். தி பாண்டிங் (1989) என்ற அந்த அத்தியாயத்துக்குப் பின் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். பிற்காலத்தில் மறு ஆக்கமாக வந்த பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவை உருவாக்கினார். குறைந்த அத்தியாயங்களுக்குச் சிறிய குழு போதும் என்ற போக்கு பின்னர் வளர்ந்தது. 2023-ல் அமெரிக்க எழுத்தாளர்கள் நடத்திய 148 நாள் வேலைநிறுத்தத்தில், குழுவின் குறைந்தபட்ச அளவும் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

பருவங்களுக்கு இடையே உள்ள காலமும் நீண்டுள்ளது. செவரன்ஸ் தொடரின் முதல் பருவம் 2022-லும் இரண்டாம் பருவம் 2025-லும் வெளியாயின. இவ்வளவு நீண்ட இடைவெளியில் நுட்பமான தொடர்கதையை நினைவில் வைத்திருப்பது பார்வையாளருக்குக் கடினம்.

மதிப்பீடு

நெருக்கமாகப் பின்னிய ஒரே கதைக்குக் குறுகிய பருவம் பொருந்துகிறது. ஒரு கப்பலின் மாந்தர் பலரோடும் பழகவைக்கும் கதைக்கு 10 அத்தியாயங்கள் பெரும்பாலும் போதுவதில்லை. இதைச் சோதித்தறிய விரும்பும் மாணவர்கள் டேட்டாஸ் டே, பிராஜெக்ட் டீடலஸ் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, ஓ'பிரையனைப் பற்றியும் ஏரியத்தைப் பற்றியும் தமக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிட்டு ஒப்பிடலாம்.