கம்பியை நீட்டினால் கம்பி நீட்ட முடியாது

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகிற சாலையில் இருக்கிறது தாடிக்கொம்பு. அந்த ஊர் டீக்கடையில் ஒருவர், "அவசரத்துக்கு மாமாதான் கை கொடுத்தார்" என்றால், மாமா பணம் புரட்டித் தந்திருக்கிறார் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். அவரே லாரி ஓட்டிக்கொண்டு விஜயவாடா போய், இதைச் சொல்லுக்குச் சொல் தெலுங்காக்கி "செய்யிச்சாடு" என்று சொன்னால், கேட்பவர் உச்சுக் கொட்டுவார். அங்கே கை கொடுப்பது என்றால் நம்பவைத்துக் கழுத்தறுப்பது!

தமிழும் தெலுங்கும் ஒரே திராவிடக் குடும்பம். திண்டுக்கல் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசுகிறவர்கள் ஏராளம். ஆனால் இந்தக் கை விஷயத்தில் நமக்கு நெருங்கிய சொந்தம் ஸ்பானிய மொழி. உதவுவதை அங்கே "எச்சார் உனா மானோ" என்பார்கள். மூட்டை தூக்கும்போது "ஒரு கை புடிப்பா" என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். கடல் கடந்த மொழியோடு ஒத்துப்போகிற கை, பக்கத்து மொழியோடு ஒத்துப்போகவில்லை.

தனித்தனிச் சொற்களின் பொருளைக் கூட்டினால் கிடைக்காத பொருளைத் தரும் தொடருக்கு மரபுத்தொடர் என்று பெயர். பார்வைக்கு இரண்டு மூன்று சொல், நடப்பில் ஒரே சொல். இதை நம் நாக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். "கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்" என்றால் ஓடிவிட்டான். ஒரே ஓர் 'ஐ' சேருங்கள்: "கம்பியை நீட்டிவிட்டான்." ஓட்டம் நின்றுபோய், இரும்புக் கம்பியோடு ஓர் ஆள் எதிரே நிற்கிறான். "பெரிய கம்பி நீட்டினான்" என்றாலும் அதே கதிதான். இனி வினையை மாற்றுங்கள்: "கம்பி எண்ணுகிறான்." தப்பியவன் சிறைக்குள் வந்துவிட்டான்! இந்த விதிகளை நமக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இருந்தும் பள்ளிப் பிள்ளைகூட இதில் தடுமாறுவதில்லை.

ஸ்பானியத்திலும் இந்த இறுக்கம் உண்டு. ஒருவன் செத்ததைக் கொச்சையாகக் "காலை நீட்டினான்" என்பார்கள். அந்தக் கால் 'பாத்தா', அதாவது விலங்கின் கால். மனிதக் காலுக்கு உரிய 'பியெர்னா'வைப் போட்டால் செத்தவன் பிழைத்துக்கொள்வான். வெறுமனே காலை நீட்டிச் சோம்பல் முறிக்கிறான் என்றாகிவிடும்.

மூளை இதை எப்படிச் சமாளிக்கிறது? 1979இல் டேவிட் ஸ்வின்னி, ஆன் கட்லர் என்ற இரு உளமொழியியலாளர்கள், அதாவது மனத்துக்குள் மொழி இயங்கும் விதத்தை ஆராய்பவர்கள், ஆங்கிலத் தொடர்களைக் காட்டி, இது பொருளுள்ள தொடர்தானா என்று கேட்டு, பதில் வர ஆகும் நேரத்தை அளந்தார்கள். சாதாரணத் தொடர்களைவிட மரபுத்தொடர்களுக்கு விடை வேகமாக வந்தது. நேர்ப்பொருளைப் பார்த்து, அது சரிப்படாத பிறகுதான் மற்றதைத் தேடுகிறோம் என்றால் தாமதமல்லவா ஆகியிருக்க வேண்டும்? முழுத்தொடரும் ஒரு சொல்லைப் போல மனத்தில் தயாராக இருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

ஆகவே மொழிபெயர்ப்பவர் தேட வேண்டியது தனிச்சொற்களை அல்ல, முழுத்தொடரின் எடையை. ஸ்பானியர் "காலை நீட்டினான்" என்றால் தமிழில் "மண்டையைப் போட்டான்". உறுப்பு வேறு, மரியாதைக்குறைவு ஒன்றே. அங்கே போய் "இயற்கை எய்தினார்" என்று எழுதினால் செய்தி சரிதான், சொல்கிற ஆள் மாறிப்போவார். என்னைக் கேட்டால், பொருட்பிழையைவிட இது பெரிய பிழை.

கணினிக்கு இப்படி மொழிபெயர்ப்பது இன்னும் கடினம். 2017இல் ஆஷிஷ் வாஸ்வானி உள்ளிட்ட 8 பேர் 'கவனம்' என்ற கணக்கீட்டை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட புதிய மொழிபெயர்ப்பு அமைப்பை வெளியிட்டார்கள். வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் மற்றச் சொற்களோடு எவ்வளவு சம்பந்தப்பட்டது என்று அது எண்களால் எடைபோடுகிறது. பக்கத்தில் இருப்பது 'நீட்டு'வா 'எண்ணு'வா என்பதைப் பொறுத்து, 'கம்பி'க்கு உரிய எண்வரிசையே மாறிவிடும்.

ஆனால் ஸ்பானியத்திலும் தமிழிலும் ஒருசேரக் கிடைக்கும் நூல்கள் குறைவு என்பதால், ஆங்கிலத்தைப் பாலமொழியாக, அதாவது நடுவில் நிற்கும் மொழியாக, வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் பாலத்தில் ஒரு கேலியை நடக்கவிட்டுப் பாருங்கள். விளையாட்டாகக் கலாய்ப்பதை ஸ்பானியர் "முடியைப் பிடிப்பது" என்பார்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது அது சரியாகவே "காலை இழுப்பது" ஆகும். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் "காலை வாரிவிட்டான்". சிரித்துக்கொண்டு கிளம்பிய நண்பன் துரோகியாக வந்து சேர்கிறான்.