கட்டிய கடன் ஏட்டில் நிற்கிறதா?

ஒரு தையல்காரப் பெண். அவர் கணவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. கையில் பணம் இல்லை. ஒரு நிதி நிறுவனத்தில் 20,000 ரூபாய் கடன் வாங்கினார். மாதா மாதம் தவணை கட்டினார். ஒரு பைசா பாக்கி இல்லாமல் கட்டி முடித்தார். ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார்.

இரண்டு வருடம் கழிந்தது. புது தையல் மெஷின் வாங்க வங்கிக்குப் போனார். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பழைய பாக்கி இருக்கிறதே அம்மா. கடன் கிடைக்காது."

"முழுசும் கட்டிட்டேனே சார்!"

"கட்டியிருக்கலாம். ஆனால் ஏட்டில் ஏறவில்லையே."

அது என்ன ஏடு? வங்கியும் நிதி நிறுவனமும் தாங்கள் கொடுத்த கடன் விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இந்தியாவில் இவை நான்கு. இவற்றுக்கென்று 2005இல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவமனை பில் நேராக இந்த ஏட்டில் ஏறாது. மருத்துவத்துக்காக வாங்கிய கடன் ஏறும்.

ஏட்டில் தவறு இருந்தால் என்ன செய்யலாம்?

முதலில் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயர், கடன் தந்தவர் பெயர், பாக்கித் தொகை மூன்றையும் பாருங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால், நம்பிக்கையான ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, கடன் தந்த இடத்தில் "பாக்கி இல்லை" என்று சான்று வாங்குங்கள். பிறகு கடன் தகவல் நிறுவனத்துக்கும் கடன் தந்தவருக்கும் புகார் எழுதுங்கள். ரசீது, சான்று இவற்றின் நகலை மட்டும் இணையுங்கள். அசலைக் கொடுக்காதீர்கள். புகார் கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. "சரி செய்து தருகிறேன்" என்று பணம் கேட்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள்.

புகாரை 30 நாளில் தீர்க்க வேண்டும். தாமதமானால் ஒரு நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும். இது 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அப்படியும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாதியைக் கட்டி, மீதியைத் தள்ளுபடி வாங்கினால், ஏட்டில் "செட்டில்டு" என்றுதான் இருக்கும். முழுதும் கட்டினால்தான் "முடிந்த கடன்".

அந்தத் தையல்காரப் பெண் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். எல்லா ரசீதும் இருந்தன. புகார் எழுதி, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்துக்குள் ஏடு திருத்தப்பட்டது. மெஷின் வீட்டுக்கு வந்தது. அதன் ரசீதும் இப்போது அதே டப்பாவில் இருக்கிறது.