ஆங்கில முன்னிடைச்சொற்களும் தமிழ் வேற்றுமை உருபுகளும்

முன்னிடைச்சொல் என்பது ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, வாக்கியத்தின் பிற சொற்களோடு அப்பெயருக்குள்ள தொடர்பைக் காட்டும் சொல். பள்ளிகளில் இது 'பிரிபொசிஷன்' என்றே வழங்கும். தமிழில் இவ்வேலையைப் பெயருக்குப் பின்னால் வரும் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன. இவ்விரு முறைகளும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துவதில்லை. எனவே தமிழ் உருபை அப்படியே மொழிபெயர்க்கும்போது பிழை நேர்கிறது.

இடத்தைக் குறித்தல்

ஏழாம் வேற்றுமை இடப்பொருளைத் தரும். இதன் உருபாகத் தொல்காப்பியம் 'கண்' என்பதைக் கூறுகிறது. இக்காலத் தமிழில் 'இல்' பெருவழக்காக உள்ளது. இந்த ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என மூன்று சொற்கள் உள்ளன.

வடசென்னையின் பெரம்பூரை எடுத்துக்கொள்ளலாம். பெரம்பூரில் வசிக்கிறார் என்பதற்கு 'இன்' வரும். ஊர் எல்லையுள்ள பரப்பாகக் கருதப்படுகிறது. பெரம்பூர் நிலையத்தில் சந்திப்போம் என்பதற்கு 'அட்' வரும். நிலையம் இங்கே ஒரு புள்ளி. பேப்பர் மில்ஸ் சாலையில் கடை உள்ளது என்பதற்கு 'ஆன்' வரும். சாலை ஒரு கோடு. பிரித்தானிய வழக்கில் தெருவுக்கு 'இன்' வருவதும் உண்டு. ரயிலில் பயணம் செய்வதற்குப் பெரும்பாலும் 'ஆன்', காரிலும் ஆட்டோவிலும் செல்வதற்கு 'இன்' பயன்படும்.

காலத்தைக் குறித்தல்

மணிக்கு 'அட்', நாளுக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' வரும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு 1955 அக்டோபர் 2 அன்று திறந்துவைத்தார். இச்செய்தியில் முழுத் தேதியைச் சொன்னால் 'ஆன்', 1955 என்று ஆண்டை மட்டும் சொன்னால் 'இன்' வேண்டும். 1955 முதல் இன்றுவரை இயங்கிவருகிறது என்றால் தொடக்கத்தைக் காட்டும் 'சின்ஸ்' வரும். இத்தனை ஆண்டுகளாக என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்' வரும்.

'பை', 'அன்டில்' ஆகிய இரண்டையும் மாற்றி எழுதினால் பொருளே மாறிவிடும். விண்ணப்பத்தை 5 மணிக்குள் தர வேண்டும் என்பதற்கு 'பை'. அலுவலகம் 5 மணி வரை திறந்திருக்கும் என்பதற்கு 'அன்டில்'. தமிழில் 'உள்', 'வரை' என்ற வேறுபாடு தெளிவாக இருப்பதால், முதலில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது இங்கு உதவும்.

வினையும் பண்பும்

சில இடங்களில் தமிழ் உருபு தவறான வழி காட்டும். 'அவர் மேல் கோபம்' என்பதைப் பின்பற்றி 'ஆங்ரி ஆன்' என எழுதுவது பிழை. 'ஆங்ரி வித்' என்பதே சரி. 'கணக்கில் கெட்டிக்காரர்' என்பதற்கு 'குட் அட்' வரும். 'அதைப் பற்றி விவாதித்தனர்' என்பதில் 'பற்றி' இருந்தாலும், 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபவுட்' வராது. 'சென்னைக்கு வந்து சேர்ந்தார்' என்பதில் 'கு' இருந்தாலும், 'ரீச்' என்பதற்குப் பின் 'டு' வராது.

கற்கும் முறை

இடத்துக்கும் காலத்துக்கும் விதிகள் பெரிதும் துணைசெய்யும். வினைச்சொற்களுக்கும் பண்புச்சொற்களுக்கும் அவ்வாறான பொதுவிதி இல்லை. அவற்றை உரிய முன்னிடைச்சொல்லோடு சேர்த்து ஒரே தொடராக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புதிய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போது அதனுடன் ஒரு முழு வாக்கியத்தையும் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.