கத்தரிக்கு முன்னால் ஒரு கோடு

ரவிக்கைத் துணியை விரித்ததும் யாரும் கத்தரியைக் கையில் எடுத்துவிடுவதில்லை. முதலில் சாக்குக் கட்டியால் கோடு. கோடு தப்பினால் தட்டிவிடலாம். துணி தப்பினால் தப்பியதுதான்!

சினிமாவிலும் இந்தக் கோடு உண்டு. 'ஸ்டோரிபோர்டு' என்று பெயர். முகம் கிட்டத்தில் தெரியுமா, ஆள் தூரத்தில் நிற்பாரா என்று ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே வரிசையாக வரைந்து வைத்துக்கொள்வது. 1930-களில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் இப்படி வரைந்த தாள்களைப் பலகையில் குத்தி வைத்தார்கள். பிடிக்காத தாளைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் குத்தலாம். பலகையால் வந்ததுதான் பெயர்.

ஸ்டூடியோவும் இல்லாமல் பலகையும் இல்லாமல் இதைச் செய்தவர் ஒருவர் உண்டு. கல்கத்தாவில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் சித்திரம் போட்டுக்கொண்டிருந்த சத்யஜித் ராய். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோது, இதைச் சினிமாவாக எடுத்தால் என்ன என்று தோன்றியது அவருக்கு. வழக்கம்போல் திரைக்கதை எழுதவில்லை. நோட்டு ஒன்றில் கறுப்பு மையால் காட்சி காட்சியாக வரைந்தார். அதைக் காட்டிப் பட முதலாளிகளிடம் கதை சொன்னார். கையை விரித்தவர்களே அதிகம்.

1952 அக்டோபரில், வெள்ளை வெளேரென்று நாணல் பூத்த வெளியில் அக்கா துர்காவையும் தம்பி அபுவையும் வைத்துப் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. அடுத்த முறை போனபோது பூவையே காணோம். மாடுகள் மேய்ந்துவிட்டன! மறு வருஷப் பூவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நல்லவேளை, மாடுகள் பூவைத்தான் மேய்ந்தன, நோட்டை மேயவில்லை.

பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றது. மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. காமிராவைப் பிடித்த சுப்ரத மித்ராவுக்கு அதுதான் முதல் படம். பிலிம் ஒவ்வோர் அடிக்கும் காசு என்கிற நிலையில், தப்பையெல்லாம் காகிதத்திலேயே செய்து திருத்திக்கொள்வதுதானே சிக்கனம்?

கடைசியில் மேற்கு வங்க சர்க்கார் பண உதவி செய்தது. 1955-ல் படம் வெளிவந்தது. 1956-ல் பிரான்ஸில் கான் விழாவில் பரிசும் பெற்றது. அந்த நோட்டை ராய் பாரிஸில் உள்ள திரைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்தார். 2016-ல் அதன் படங்கள் அப்படியே புத்தகமாகவும் வந்தன.

இன்று கைப்பேசியில் எத்தனை எடுத்தாலும் பிலிம் செலவு இல்லை. ஆனாலும் உங்கள் வீட்டுப் பிள்ளை படம் பிடிக்கக் கிளம்பினால், முதலில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். கோட்டுக்குப் பிறகுதானே கத்தரி!